எங்கள் 60 மீற்றர் கேபிளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

திருகோணமலை டச் பே கரையிலிருந்து 60 மீற்றர் தள்ளி ஒரு தெப்பம் மிதந்ததையும், இரவில் அதில் ஒரு சின்ன விளக்கு எரிந்ததையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "என்ன சேர் அது, மீனுக்கு லைட்டா?" என்று வழிமறித்துக் கேட்டவர்களும் உண்டு. கடலடிக் கேபிளால் ஒரு தீவுக்கு மின்சாரம் அனுப்புவதைச் செய்து பார்க்க நாங்கள் மிதக்கவிட்ட தெப்பம், அதுதான் எங்கள் தீவு. கரையில் வைத்த பற்றரியிலிருந்து கடலடி வழியாக அதற்கு மின்சாரம் போனது. உயர்தர பௌதிகவியல் மாணவர்கள் ஒன்பது பேர் மூன்று மாதம் பாடுபட்டார்கள். ஆனால் நீங்கள் இல்லையென்றால் அந்த விளக்கு எரிந்திருக்காது.

முதலில் கேபிள் ஜொயின்டர் ஐயாவுக்கு. காலமெல்லாம் நிலத்தடிக் கேபிள்களை இணைத்து ஓய்வுபெற்றவர். நாங்கள் போய்க் கேட்டதும் "கடலில் நான் வேலை செய்ததில்லை தம்பி" என்றுதான் தொடங்கினார். அப்புறம் உள்ளே போய், பழைய கேபிள் துண்டு ஒன்றை எடுத்து வந்து கத்தியால் அடுக்கடுக்காக உரித்துக் காட்டினார். செம்பு, எண்ணெய் ஊறிய காகிதம், ஈய உறை, அதற்கு மேல் உருக்குக் கம்பி. "செம்புக்குக் கரண்ட் கொண்டுபோற வேலை. மிச்சம் எல்லாத்துக்கும் தண்ணியை உள்ள விடாம காக்கிற வேலை" என்றார். 1954இல் சுவீடனின் பெருநிலத்தையும் கோட்லண்ட் தீவையும் இணைத்த கேபிளும் இதே குடும்பம்தான். நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான தூரம், 100 கிலோவோல்ற், 20 மெகாவாற், ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். ஒற்றைக் கேபிள்தான், திரும்பும் பாதையாகக் கடலையே பயன்படுத்தினார்கள். இதைக் கேட்டதும் ஒரு மாணவி, "அப்போ ஏன் ஐயா நம் வீட்டில் வருகிற மாதிரி திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் அனுப்பவில்லை?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு, வெளிநாட்டில் பொறியியலாளராக இருக்கும் எங்கள் பழைய மாணவி இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் வந்து பாடம் எடுத்தார். நடுவில் செம்பு, வெளியே ஈயம், இடையில் மின்னைக் கடத்தாத காவலி. நீளத்துக்கும் அது ஒரு கொள்ளளவி, அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் சாதனம். கிலோமீற்றருக்கு 0.2 மைக்ரோபரட்டு என்று வைத்து, 132 கிலோவோல்ற்றுக்கு மாணவர்களையே கணக்குப் போடச் சொன்னார். கிலோமீற்றருக்கு 4.8 அம்பியர் வந்தது. நூறு கிலோமீற்றருக்கு 480 அம்பியர், கேபிளை மின்னேற்றி இறக்க மட்டும்! தீவில் ஒரு குமிழ் எரியும் முன்னமே கேபிள் தாங்கக்கூடிய மின்னோட்டத்தின் பெரும்பகுதி அதில் போய்விடும். நேரோட்டத்தில் ஒருமுறை மின்னேறினால் சரி. நான் பதினைந்து வருடமாகக் கொள்ளளவம் படிப்பிக்கிறேன். அந்த இரவில் பிள்ளைகளின் முகத்தில் கண்ட வெளிச்சத்தை அதற்கு முன் கண்டதில்லை. நன்றி மகள்.

திருக்கடலூர் சம்மாட்டி அண்ணன் வள்ளமும் தந்தார், வழியும் காட்டினார். பெரிய கேபிள்களை, வலையும் நங்கூரமும் எட்டும் ஆழத்தில் நீரைப் பீய்ச்சி மணலுக்குள் ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் புதைப்பார்கள். எங்களிடம் மண்மூட்டைதான் இருந்தது. எங்கே வள்ளங்கள் கட்டுவார்கள், எங்கே கல் கிடக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல வரைபடம் கீறினோம். "மூதூருக்கு நேரே போடலாமா மாமா?" என்று ஒருவன் கேட்டான். அண்ணன் சிரிக்கவில்லை. இடையில் கிடக்கும் கொட்டியாரக் குடாவின் வாயில் ஈயக்குண்டு கட்டி இறக்கிய கயிறு அடி தொடாத கதையைச் சொன்னார். அங்கேதான் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது.

இனி, நான் அதிகம் நன்றி சொல்ல வேண்டியவர்.

மூன்றாம் இரவு விளக்கு மங்கியது. காலையில் பாடசாலை வாசலில் ஒரு அண்ணன் நனைந்த சாரத்தோடு நின்றார். "இரவு காத்து மாறி வள்ளம் இழுபட்டுப் போச்சு சேர். என்ர நங்கூரம்தான் உங்கட வயரில கொழுவினது. எவ்வளவு எண்டு சொல்லுங்க, தாறன்." அவர் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. உலகக் கடல்களில் கேபிள்கள் பழுதாவதற்கு முதற்காரணம் மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும்தான் என்று வகுப்பில் நானே எழுதிப் போட்டிருந்தேன். அது இப்போது எங்களுக்கே நடந்திருந்தது.

பிள்ளைகள் காசு கேட்கவில்லை. "இடத்தை மட்டும் சொல்லாதீங்க மாமா, நாங்க கண்டுபிடிக்கிறோம்" என்றார்கள். ஆய்வுகூட உதவியாளர் அக்கா, ஒரு மீற்றர் நீளக் கம்பியில் தடைகளை ஒப்பிட்டு அளக்கும் மீற்றர்ப் பாலத்தைக் குடைபிடித்துக் கடற்கரைக்கே கொண்டு வந்தார். தெப்பத்தில் கேபிளின் இரண்டு இழைகளையும் ஒன்றாக முடிந்தோம். போய்வர 120 மீற்றர்த் தடம் ஆனது. கரையில் இரு முனைகளும் பாலத்துக்கு, பற்றரியின் ஒரு முனை கடலுக்கு. பாலத்தின் 100 சென்ரிமீற்றர்க் கம்பியில் சமநிலை 36.5 சென்ரிமீற்றரில் வந்தது. பழுதும் தடத்தில் அதே விகிதத் தூரத்தில்தான் இருக்கும். 120ஐ 0.365ஆல் பெருக்கினால் 43.8 மீற்றர். அந்த அண்ணனே மூச்சுப் பிடித்து மூழ்கி, கேபிளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அளந்தோம்: 43 மீற்றருக்குச் சற்று மேல். கிழிந்த இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. கரையில் நின்ற எல்லோரும் கத்திய சத்தம் கோணேஸ்வரம் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கே கேட்டிருக்கும்.

அன்று மாலை ஜொயின்டர் ஐயா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, மாணவர்களே இணைப்புப் போட்டார்கள். ஆறரைக்கு விளக்கு மறுபடி எரிந்தது.

தெப்பத்துக்குப் பரல்கள் தந்த கடைக்காரர், கம்பியை வாங்கிய விலைக்கே கொடுத்த ஹாட்வெயார் முதலாளி, இரவுக் காவலுக்கு நின்ற அப்பாமார், இடியப்பமும் சொதியும் அனுப்பிய அம்மாமார், உங்கள் எல்லோருக்கும் நன்றி. பரல்கள் கழுவி வைத்திருக்கிறோம், இந்தக் கிழமையே வந்துசேரும்.

நங்கூரத்து அண்ணன், பச்சை பூத்த அந்தத் துண்டை உங்கள் மகனுக்குக் காட்டவேண்டும் என்று கேட்டீர்கள். மாணவர்கள் அதைப் பலகையில் பொருத்தி, 43.8 என்று எழுதி, ஆய்வுகூட அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பௌதிகவியல் ஆசிரியர்