சாலடின் புளிப்பும் ஒயினின் புளிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த உணவுடன் எந்த ஒயினைப் பரிமாறலாம் என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இறைச்சி, மீன், சீஸ் ஆகியவற்றைப் பற்றி நிதானமாகவும் விவரமாகவும் எழுதிச் சென்ற கட்டுரையாளர், சாலட் என்று வந்ததும், அதனுடன் ஒயினைத் தவிர்ப்பதே நல்லது என்றும், தவிர்க்க முடியாவிட்டால் ஏதேனும் ஒரு வெள்ளை ஒயின் போதும் என்றும் இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். முதல் வரி மிகைப்படுத்தல். இரண்டாவது வரி தவறான வழிகாட்டல் என்பது என் கருத்து. சாலட் என்ற ஒரே பெயரின் கீழ் வரும் உணவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தவிர்ப்பது நல்லது என்ற எண்ணம் காரணமின்றிப் பிறந்ததன்று. பிரான்சில் முதன்மை உணவு முடிந்து சீஸ் வருவதற்கு முன்பு, பச்சை இலைகளை வினிகரும் எண்ணெயும் கலந்து பரிமாறும் பழைய வழக்கம் உண்டு. அந்தச் சிறிது நேரத்துக்கு ஒயினைத் தொடாமல் இருப்பதே முறை என்று பலரும் கருதினர். ஒயினிலிருந்து செய்யப்படும் வினிகரில் லிட்டருக்கு ஏறத்தாழ 60 முதல் 70 கிராம் வரை அசிட்டிக் அமிலம் இருக்கும். ஒயினிலோ எல்லா அமிலங்களையும் சேர்த்தே பொதுவாக லிட்டருக்கு 5 முதல் 9 கிராம்தான். அதில் அசிட்டிக் அமிலத்தின் பங்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும், கூடிவிட்டால் அந்த ஒயின் கெடத் தொடங்கிவிட்டது என்று கொள்வார்கள். நாக்கு கடும் புளிப்புக்குப் பழகிய மறுகணம் மென்மையான ஒயினைப் பருகினால் அதன் புளிப்பு மங்கி, உயிரற்ற வெறும் சாறாகத் தோன்றும். போதாக்குறைக்கு அசிட்டிக் அமிலம் ஆவியாகி மூக்கையும் எட்டுவதால், ஒயினின் நறுமணம் வெளிப்படும் வழியையே அது மறித்துவிடுகிறது.

இந்த விளக்கத்துக்குள்ளேயே தீர்வும் இருக்கிறது. சிக்கலை உண்டாக்குவது இலையன்று, இலையின்மேல் ஊற்றிக் கலக்கும் டிரெஸ்ஸிங். ஒரே லெட்யூஸ் இலையை எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் கலந்தால் அது கூர்மையான வெள்ளை ஒயினைக் கேட்கும். மயோனைஸ் சேர்த்தால் சற்று உடல்வாகுள்ள, அதாவது வாயில் கனமாக உணரப்படும் ஒயினைக் கேட்கும். தேனும் கடுகு விழுதும் சேர்த்தால் இலேசான இனிப்புள்ள ஒயினைக் கேட்கும். எனவே முதலில் பார்க்க வேண்டியது டிரெஸ்ஸிங்கில் உள்ள புளிப்பு, இனிப்பு, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவை. இலையும் காயும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். ஒயினின் புளிப்பு டிரெஸ்ஸிங்கின் புளிப்புக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற ஒரு விதியைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தால்கூட வாசகருக்குப் பெரிதும் பயன்பட்டிருக்கும்.

அவ்வாறு ஈடுகொடுக்கும் ஒயினைத் தேடுவதைவிட டிரெஸ்ஸிங்கைத் திருத்துவது எளிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வினிக்ரெட் கலவைக்கு மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு வினிகர் என்பதே பாடநூல் கணக்கு. ஒயினுடன் உண்ணும்போது எண்ணெயை நான்கு அல்லது ஐந்து பங்காக உயர்த்தி, சிறிது உப்பைக் கூட்டினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வினிகருக்குப் பதிலாக எலுமிச்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம். அதிலுள்ள சிட்ரிக் அமிலம் புளிப்பில் குறைந்ததன்று என்றாலும், வினிகரைப் போல மூக்கைத் தாக்குவதில்லை. அதைவிடவும் பொருத்தமானது பழுக்காத திராட்சையைப் பிழிந்தெடுக்கும் வெர்ஜு. ஒயினில் உள்ள அதே டார்டாரிக், மாலிக் அமிலங்கள்தான் இதிலும் முதன்மையானவை என்பதால், சாலட் தட்டிலும் ஒயின் கிண்ணத்திலும் ஒரே வகைப் புளிப்பு அமைந்துவிடுகிறது. இத்தகைய எளிய மாற்றத்தைச் சொல்லாமல், ஒயினையே விலக்கி வைக்கச் சொல்வது சோம்பலான அறிவுரை.

இனி, ஏதேனும் ஒரு வெள்ளை ஒயின் என்ற பகுதிக்கு வருகிறேன். வெள்ளை ஒயின்களுக்குள்ளேயே உள்ள இடைவெளி மிகப் பெரியது. வெப்பமான பகுதியில் விளைந்து, புதிய ஓக் பீப்பாயில் முதிர்ந்த ஷார்டொனே ஒயினை எலுமிச்சை தெளித்த பச்சை இலைகளுடன் பரிமாறினால், மரத்தின் வாசனையும் வெண்ணெய்த் தன்மையும் மட்டுமே மிஞ்சிக் கசந்துவிடும். அதே சாலடுக்கு சோவினியோன் பிளாங்க் என்ற திராட்சையின் ஒயின் இயல்பாகவே பொருந்துகிறது. அதன் புளிப்பு உயர்ந்தது என்பது ஒரு காரணம். பச்சைக் குடைமிளகாய்க்கு அதன் வாசனையைத் தரும் மெத்தாக்ஸிபைரசின் என்ற சேர்மக் குடும்பம் இந்தத் திராட்சையிலும் இருப்பதால், இலையின் பசுமை மணமும் ஒயினின் மணமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது மற்றொரு காரணம். பிரான்சின் லுவார் ஆற்றின் கரையிலுள்ள சான்செர் பகுதியில் இந்தத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் செய்கிறார்கள். அப்பகுதியைச் சேர்ந்த ஷவின்யோல் என்ற சிற்றூர் ஆட்டுப்பால் சீஸுக்குப் பெயர்பெற்றது. அந்தச் சீஸைச் சூடாக்கி இலைகளின்மேல் வைத்துத் தரும் சாலடும் சான்செர் ஒயினும் சேர்வது ஒருவர் உட்கார்ந்து வகுத்த பொருத்தமன்று. ஒரே மண்ணில் இரண்டும் அருகருகே வளர்ந்ததால் வந்த பொருத்தம்.

சீசர் சாலட் முற்றிலும் வேறு கதை. 1924-ஆம் ஆண்டு மெக்சிகோவின் டிஹுவானா நகரில் உணவகம் நடத்திய சீசர் கார்டினியின் பெயரால் வழங்கும் இந்தச் சாலடில் முட்டை, பார்மெசான் சீஸ், வறுத்த ரொட்டித் துண்டுகள் ஆகியவை உண்டு. இன்றைய செய்முறைகளில் உப்பில் ஊறிய நெத்திலியும் தவறாமல் சேர்கிறது. பார்மெசானிலும் நெத்திலியிலும் நிறைந்துள்ள உமாமி என்ற ஆழ்ந்த, இறைச்சிச் சாறு போன்ற சுவை ஒயினின் துவர்ப்பையும் கசப்பையும் தூக்கிக் காட்டும் இயல்புடையது; அவற்றிலேயே உள்ள உப்பு அதை ஓரளவு தணிக்கிறது. ஆகவே துவர்ப்பைத் தரும் டானின் மிகுந்த சிவப்பு ஒயின் இங்கே ஆகாது. முட்டையும் எண்ணெயும் நாக்கில் படிவதால் மெலிந்த வெள்ளை ஒயினும் காணாமல் போய்விடும். ஓக் மரவாசனை ஏறாத, ஆனால் உடல்வாகும் புளிப்பும் ஒருங்கே அமைந்த ஷாப்லி ஒயின், அல்லது நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவிச் செல்லும் உலர்ந்த, அதாவது இனிப்பற்ற நுரை ஒயின் இதற்கு ஏற்றது. நான் நுரை ஒயினின் பக்கம்.

பிரான்சின் நீஸ் நகரின் சாலடில் தக்காளி, முட்டை, ஆலிவ் ஆகியவற்றோடு நெத்திலியோ சூரை மீனோ சேரும். சிவப்பு ஒயினிலுள்ள இரும்புச்சத்து கடலுணவுடன் சேரும்போது வெறுக்கத்தக்க மீன் வாடையைக் கிளப்புகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். மீனுக்குச் சிவப்பு ஆகாது என்ற பழைய வழக்குக்கு வேதியியல் ஆதாரம் கிடைத்தது அப்போதுதான். இந்தச் சாலடுக்குப் புரோவான்ஸ் பகுதியின் உலர்ந்த ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் பொருத்தமானது: தக்காளியின் புளிப்பைத் தாங்கும், மீனுடன் முரண்படாது, ஆலிவின் இலேசான கசப்புக்கும் அஞ்சாது. நீஸ் நகர எல்லைக்குள்ளேயே பெல்லே என்ற சிறிய ஒயின் பகுதி இருக்கிறது என்பதையும் ஆர்வமுள்ளோருக்காகக் குறிப்பிடுகிறேன்.

சிவப்பு ஒயினைச் சாலடிலிருந்து அடியோடு விலக்கிவிட வேண்டும் என்று மேற்கூறியவற்றிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பிரான்சின் லியோன் நகரின் புகழ்பெற்ற சாலடில் சுருண்ட ஃப்ரிசே இலைகளும், வறுத்த பன்றியிறைச்சித் துண்டுகளும், மேலே ஓட்டை உடைத்துக் கொதிநீரில் விட்டு வேகவைத்த முட்டையும் இருக்கும். அந்நகருக்கு வடக்கே தொடங்கும் போஷொலேயின் கமே திராட்சை ஒயின், டானின் குறைந்தும் புளிப்பு நிறைந்தும் இருப்பதால், இறைச்சியின் உப்புக்கும் கொழுப்புக்கும் நன்றாகவே ஈடுகொடுக்கிறது. 13 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்துப் பரிமாறினால் இன்னும் சிறப்பு. ஆனால் ராடிச்சியோ, எண்டைவ், அருகுலா போன்ற கசப்பான இலைகள் மட்டுமே உள்ள சாலடுடன் கபர்னே சோவினியோன் போன்ற துவர்ப்பான ஒயினை வைத்தால் கசப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். வால்நட், சீஸ், உப்பு, தாராளமான எண்ணெய் ஆகியவற்றுள் இரண்டையாவது சேர்த்துக் கசப்பை அடக்கிய பிறகே அத்தகைய ஒயினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காரமான சாலட்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. தாய்லாந்தின் பச்சைப் பப்பாளிச் சாலடில் எலுமிச்சை, மீன் சாஸ், பனைவெல்லம், மிளகாய் ஆகிய நான்கும் கூடிப் புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் ஆகியவற்றை ஒரே வாயில் தருகின்றன. மிளகாயின் கேப்சைசின் நாக்கில் தூண்டும் அதே உணர்வேற்பியை ஆல்கஹாலும் தூண்டுவதால், 14 விழுக்காட்டு ஒயின் எரிச்சலைக் கூட்டவே செய்யும். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் செய்யப்படும் காபினெட் வகை ரீஸ்லிங் வெள்ளை ஒயின்கள் பலவற்றில் ஆல்கஹால் 8 அல்லது 9 விழுக்காடுதான். கூர்மையான புளிப்பும், அதைச் சமன்செய்யும் சிறிது இனிப்பும் அதில் உண்டு. இந்த வகை உணவுக்கு இதைவிடத் தக்க துணையை நான் அறியேன்.

எளிய சாலட்களுக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. தக்காளி, மொட்சரெல்லா, பேசில் இலை மட்டுமே கொண்ட காப்ரேசேவில் மரபாக வினிகர் சேர்ப்பதில்லை என்பதால், அது பிறந்த கம்பானியா பகுதியின் ஃபலாங்கினா, ஃபியானோ போன்ற வெள்ளை ஒயின்கள் தாராளமாகச் சேரும். ஃபெட்டாவும் ஆலிவும் சேர்ந்த கிரேக்கச் சாலடுக்கு, சுட்டெரிக்கும் வெயிலிலும் புளிப்பை இழக்காத சாந்தோரினித் தீவின் அசிர்டிகோ வெள்ளை ஒயின் போதுமானது. ஆப்பிளும் செலரியும் மயோனைஸும் கலந்த வால்டார்ஃப் சாலடுக்குச் சற்றே இனிப்பான செனின் பிளாங்க் நல்லது. பழச் சாலட் என்றால் ஒயின் பழத்தைவிட இனிப்பாக இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஒயினும் வெறும் புளிப்பாகத் தோன்றும். சுமார் 5 விழுக்காடே ஆல்கஹால் கொண்ட மொஸ்காட்டோ தஸ்தி அதற்கு உகந்தது.

கட்டுரையாளரின் தயக்கம் நியாயமாகும் இடமும் ஒன்று உண்டு. ஆர்ட்டிசோக்கை உண்டபின் தண்ணீரே இனிப்பதாகச் சுவை ஆய்வாளர் லிண்டா பார்ட்டோஷக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1972-இல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள்; அந்தக் காயிலுள்ள சைனாரின் முதலிய பொருள்கள் நாக்கின் உணர்வைச் சிறிது நேரத்துக்கு மாற்றிவிடுகின்றன. தண்ணீரே இனிக்கும்போது ஒயினின் சுவை எப்படி நேராக இருக்கும்? இங்கேயும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் செய்யப்படும் ஃபினோ ஷெரி ஒயினில் சர்க்கரை ஏறக்குறைய இல்லை என்பதால், ஆர்ட்டிசோக் ஏற்றும் பொய்யினிப்பு அதைக் கெடுப்பதில்லை. புளிப்பு குறைந்த ஒயினாயிருந்தும், ஈஸ்ட் படலத்தின் கீழ் முதிர்ந்ததால் வந்த அதன் கூர்மையான மணம் வினிகருக்கும் நெத்திலிக்கும்கூட அசைவதில்லை. நான் மேலே சொன்ன புளிப்பு விதிக்கு இது விலக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலக்கு இருப்பதால் விதி பொய்த்துவிடாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இவ்வகைக் கட்டுரைகளை வெளியிடும்போது, சாலடின் பெயரையும் ஒயினின் பெயரையும் மட்டும் அச்சிடாமல், டிரெஸ்ஸிங்கில் எந்தப் புளிப்பு, எண்ணெய்க்கு எத்தனை பங்கு, இனிப்பு உண்டா இல்லையா என்ற மூன்று விவரங்களையும் உடன் தரும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவை இருந்தால், பரிந்துரைத்த ஒயின் கிடைக்காத வாசகர் தம்மிடம் உள்ள வேறொன்றைத் தாமே தேர்ந்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்