ரேஷன் அரிசியைப் பற்றி ஒரு வேண்டுகோள்

தமிழ்நாடு உணவுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தில் சம்பா சாகுபடி செய்யும் குடும்பம் எங்களுடையது. என் அண்ணனுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இரவில் வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் விழுங்குவார். போன வருடம் யாரோ சொன்னதைக் கேட்டு, பட்டைப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் வந்த புண் ஆறவில்லை. சுண்டுவிரலை எடுக்கும்படி ஆயிற்று.

வெந்தயத்தை நான் பழிக்கவில்லை. அதன் வழவழப்பான நார், சோற்றிலிருந்து வரும் சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. பட்டையைப் பற்றிய ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா என்ற வகைப் பட்டை. அதிலுள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். எந்தப் பொடியும் மாத்திரைக்கு மாற்று ஆகாது. காலையில் இட்லி, மதியமும் இரவும் சோறு என்று உண்ணும் வீட்டில் ஒரு கரண்டி வெந்தயம் எவ்வளவுதான் தாங்கும்?

ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் கட்டுப்படாமல் போகும்போது, கணையம் அதை மேலும் மேலும் சுரந்து கடைசியில் ஓய்ந்துவிடுகிறது. நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய், எங்கள் உடலுழைப்பு குறைந்துவிட்டது. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது.

நாங்கள் கொள்முதல் நிலையத்தில் போடும் நெல், வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்டு ரேஷன் கடைக்குத் திரும்பி வருகிறது. நாரும் மக்னீசியமும் தவிட்டோடு போய்விடுகின்றன. புழுங்கல் என்பதால் பச்சரிசியைவிடத் தேவலாம், அவ்வளவுதான். தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பீர்கள். அது உண்மை, தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அதனால்தான் எல்லாருக்கும் கேட்கவில்லை. விரும்பும் அட்டைதாரருக்கு மட்டும், அந்தந்த மாதம் அரைத்த, குறைவாகத் தீட்டிய அரிசியைக் கொடுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு, நெற்பயிர் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தும் பயறும் விதைக்கிறோம். அந்தப் பயறை எங்களிடமே வாங்கி எங்கள் ரேஷன் கடைகளில் போடுங்கள். நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக் கேழ்வரகு கொடுத்தவர்கள்தானே நீங்கள்? அண்ணன் இப்போது மாத்திரையைத் தவறவிடுவதில்லை. சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தில் பயறுச் சுண்டல் வைத்துக்கொள்கிறார். நிலமில்லாத எங்கள் தெருக்காரர்கள் அந்தப் பயறைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நீடாமங்கலம் வட்டத்து விவசாயி