தேன்கனிக்கோட்டைத் தோப்பை என்ன செய்வது

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கயல்விழிக்கு,

தாத்தா விட்டுப்போன புளியந்தோப்பை விற்கலாமா என்று மாமா கேட்டதைப் போனில் சொன்னபோது, "உங்களுக்குச் சரின்னு பட்டதைச் செய்யுங்கம்மா" என்றாய். அப்படி விட்டுவிடாதே, கண்ணு. இன்றைக்கு நடுகிற கன்று மரமாகி நிற்கும்போது, அதை வெட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கப்போவது நீயும் தம்பியும்தான்.

தோப்புக்குப் பக்கத்து ஊரான ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள் அல்லவா, அதிலிருந்து தரகர்கள் மாமாவை விடுவதில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். இத்தனை வருஷமும் வேலி, காவல், வரி என்று அலைந்தது அவர்தான். இப்போது அவருக்குப் பணம் தேவைப்படுகிறது. சித்தியோ ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது என்கிறாள். தாத்தா உயில் எழுதவில்லை. அது அவர் சுயமாக வாங்கிய நிலம் என்பதால், 1956 வாரிசுச் சட்டப்படி எங்கள் மூன்று பேருக்கும் சம பங்கு. பட்டாவும் கூட்டுப் பட்டா. ஒருத்தர் மனம் கோணினாலும் காகிதம் நகராது.

எல்லோரும் சந்தனம் வை என்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் இருக்கிற மர அறிவியல் நிறுவனத்துக்கே போய்வந்தேன். 2002-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திய பிறகு, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம். ஆனால் வெட்டவும் விற்கவும் வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். அது பக்கத்து மரத்தின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வளர்கிற மரம், தனியாக வைத்தால் தேறாது. மணக்கிற நடுக்கட்டை, அதாவது வைரம், பாயவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும், நல்ல விலைக்கு இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். வைரம் பாய்ந்த நாளிலிருந்து திருட்டுக்குப் பயந்து ராத்திரிக் காவலும் வேண்டும். மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. யார் காப்பது?

பலா வைக்கலாம் என்று தம்பி சொன்னான். பழம் மணத்தால் யானை வரும். அந்தப் பக்கம் கேழ்வரகு விளைகிற மாதங்களில் ஊரே தூங்குவதில்லை, நாம் வேறு அழைப்பானேன்?

எனக்கு மனசு புளியமரத்திடம்தான் நிற்கிறது. மாசி, பங்குனியில் குத்தகைக்காரர் ஆள் ஏறிக் கிளையை உலுக்குவார். கீழே விரித்த படுதாவில் பழம் சடசடவென்று விழும். பெண்கள் நிழலில் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். அந்த வருமானம் பெரிதல்ல. வேலியும் காவலும் அதில்தான் நடக்கிறது. நூறு வருஷம் காய்க்கிற மரத்தை மனைக்காக ஒரு நாளில் சாய்க்க எனக்குக் கை வராது.

அமெரிக்காவில் உன் வெர்மான்ட் மாநிலத்தில் குடும்பக் காடு வைத்திருப்பவர்கள், குறைந்தது 25 ஏக்கர் இருந்தால், வனவியலாளரை வைத்துத் திட்டம் எழுதிக் கொடுத்து நிலவரியைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னாயே. அந்தச் சலுகை நமக்கு இல்லை. ஆனால் எழுதி வைக்கிற பழக்கம் நமக்கும் வேண்டும். எந்த மரம், எத்தனை, யார் வெட்டலாம், எப்போது, பணம் யாருக்கு என்று. மரங்கள் கிராமக் கணக்கில், அடங்கலில், பதிந்திருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடமும் பார்க்க வேண்டும்.

நான் நினைப்பது இது. ரோட்டோரமாக மரமில்லாத மேட்டு நிலம் இருக்கிறதே, அதை சர்வேயரை வைத்து அளந்து, பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, மாமா பங்காகக் கொடுத்துவிடலாம். ரோட்டோரம் என்பதால் அளவு குறைந்தாலும் விலை கூடும். அவர் விற்றுக்கொள்ளட்டும், அது அவர் உரிமை. தோப்பு எனக்கும் சித்திக்கும். காலி இடங்களில் புங்கனும் வேம்பும் நடலாம், ஒரு ஓரத்தில் மட்டும் மலைவேம்பு. ஏழெட்டு வருஷத்தில் பிளைவுட்டுக்குப் போகும், அந்தப் பணம் சித்தி பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சமமாக.

உனக்கு வேறு யோசனை இருந்தால் என்னைத் திருத்து. இந்த ஞாயிறு சித்தியிடம் நீயே பேசு. நான் சொன்னால் அண்ணனுக்குச் சாய்வதாக நினைப்பாள், நீ பேசினால் கேட்பாள். அப்புறம் மாமாவிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா