கூடைக்கு அடியில் நடக்கப்போகும் சண்டை

பாஸ்டன்
1 ஜூன் 2010

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்தது. புது வேலை பிடித்துப்போய்விட்டது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். பழைய இடத்தில் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல். "எனக்கு நன்றாகத் தெரிகிறதே, எதற்கு?" என்று தட்டிக்கழிப்பார், விடாதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நித்யா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பெரியவள் பள்ளிக் கூடைப்பந்து டீமில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தை எடுத்துப்போய் ஆட்டத்தை நடத்துகிறவள். ஓட்டம், பாஸ் எல்லாம் பிரமாதம். தூரத்திலிருந்து எறிந்தால் மட்டும் விழமாட்டேன் என்கிறது. "நம்ம செல்டிக்ஸ் ரோண்டோவுக்கும்தான் விழாது, அவரை யார் கேட்கிறார்கள்?" என்று என்னையே மடக்குகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை ஆரம்பிக்கிறது என்.பி.ஏ. கூடைப்பந்து ஃபைனல்: உங்கள் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கும் எங்கள் பாஸ்டன் செல்டிக்ஸுக்கும், முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. நீ எழுதிய நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் உங்கள் நட்சத்திரம் கோபி பிரையன்ட் புராணம். போன சுற்றில் ஃபீனிக்ஸோடு ஆறு ஆட்டத்திலும் சராசரி 33 பாயின்டுக்கு மேல், கடைசி ஆட்டத்தில் 37, கை விரல் உடைந்த நிலையிலேயே இத்தனையும். எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். "இந்தத் தடவை உங்களால் அவரை நிறுத்த முடியாது" என்கிறாய். முடியாதுதான். எங்கள் ரே ஆலனுக்கு வயது 34, கோபியைத் துரத்தித் துரத்தி மூச்சு வாங்கும். பெஞ்சிலிருந்து டோனி ஆலன் வந்து கொஞ்சம் தொந்தரவு கொடுப்பார். அவ்வளவுதான் நடக்கும். ஆனால் செல்டிக்ஸ் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தித்தான் ஜெயிப்பார்கள் என்று யார் சொன்னது? மயாமியோடு நடந்த முதல் சுற்றை எடுத்துக்கொள். நான்காவது ஆட்டத்தில் டுவைன் வேட் தனி ஆளாக 46 பாயின்ட் போட்டார். அந்தத் தொடரில் மயாமி ஜெயித்தது அந்த ஒரே ஆட்டம். அடுத்த சுற்றில் கிளீவ்லாண்டின் லெப்ரான், அதற்கடுத்து ஆர்லாண்டோவின் டுவைட் ஹோவர்ட். மூன்று பேரும் இப்போது வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். பெரிய ஆள் பந்தை வைத்திருக்கட்டும், மற்ற நான்கு பேரையும் பட்டினி போடு என்பதுதான் எங்கள் கோச் டாக் ரிவர்ஸின் கணக்கு.

அதனால் கோபியை நினைத்து நான் தூக்கம் கெடவில்லை. எனக்குப் பயம் உங்கள் உயரக்காரர்கள் பாவ் கசோலும் ஆண்ட்ரூ பைனமும்தான்.

2008-ல் நாங்கள் உங்களை 4-2 என்று அடித்ததை நீ மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவிடமாட்டேன். கடைசி ஆட்டம் 131-92. ஆனால் நேர்மையாகச் சொல்வதென்றால், அந்த லேக்கர்ஸ் முழு லேக்கர்ஸ் இல்லை. பைனம் அந்த ஜனவரியிலேயே முட்டியில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். கசோல் டீமுக்கு வந்தே சில மாதம்தான் ஆகியிருந்தது. அவரை சென்டரில், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்; எங்கள் கெண்ட்ரிக் பெர்கின்ஸும் கெவின் கார்னெட்டும் மாறி மாறி இடித்தார்கள். "மெத்து மெத்தென்று ஆடுகிறார்" என்று அன்றைக்குக் கிடைத்த பெயர் இன்னும் அவரை விடவில்லை. இப்போது கதை வேறு. ஏழடி ஆள் ஒருவருக்குப் பதில் இரண்டு பேர், களைத்தால் உள்ளே வர லமார் ஓடம் தயார். பைனம் வலது முட்டியில் கிழிசலோடுதான் ஆடுகிறார், ஆபரேஷனை சீசன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார். அந்த முட்டி தினம் இருபது நிமிஷம் தாங்கினாலே எங்களுக்குத் தலைவலி.

ஏனென்றால் எங்கள் டீமின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ரீபவுண்ட். சீசன் முழுக்க இந்த விஷயத்தில் லீகின் கடைசி வரிசையில்தான் இருந்தோம். எறிந்த பந்து கூடைக்குள் விழாமல் திரும்பும்போது அதைத் தட்டிப் பறிப்பதுதான் லேக்கர்ஸுக்குக் கை வந்த கலை. ஓக்லஹோமா சிட்டியை நீங்கள் எப்படி வீட்டுக்கு அனுப்பினீர்கள்? ஆறாவது ஆட்டம், கடைசி விநாடி, கோபி எறிந்தது விழவில்லை, கசோல் எடுத்துப் போட்டார், 95-94. ஃபீனிக்ஸோடு ஐந்தாவது ஆட்டமும் அதே கதைதான். கோபி எறிந்தது குறைவாகப் போய்விழ, ரான் ஆர்டெஸ்ட் பிடித்து உள்ளே தள்ளினார். அதற்கு முன்னால் அதே மனிதர் வேண்டாத நேரத்தில் எறிந்து அரங்கம் முழுக்கத் தலையில் கை வைத்தது வேறு விஷயம். கோபி தவறவிட்டாலும் நீங்கள் ஜெயிக்கிறீர்கள், பாலு. உன் மூன்று பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வியாழக்கிழமை ஒரு காரியம் செய். முதல் கால் மணி நேரத்தில் ஒரு ஐந்து நிமிஷம் பந்தைப் பார்க்காதே. பெர்கின்ஸை மட்டும் பார். ஆர்லாண்டோ தொடரில் நான் அப்படித்தான் பார்த்தேன். ஹோவர்ட் கூடைக்குப் பக்கத்தில் தனக்குப் பிடித்த இடத்தில் போய் நிற்பதற்குள் பெர்கின்ஸ் முழங்கையை மடித்து அவர் முதுகில் வைத்துவிடுவார். கால் இரண்டையும் அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, அங்குலம் அங்குலமாகத் தள்ளுவார். பந்து வந்து சேரும்போது ஹோவர்ட் தான் நினைத்த இடத்தைவிட ஒரு தப்படி தள்ளி நின்றுகொண்டிருப்பார். அந்த ஒரு தப்படிதான் எல்லாம். அங்கிருந்து போட்டால் எம்பிக் கூடைக்குள் அறையும் டங்க் இல்லை, கொக்கி மாதிரி ஏதோ ஒரு ஷாட்தான். ஸ்கோர் அட்டையில் இதற்கு ஒரு கட்டமும் கிடையாது. மறுநாள் காலையில் எல்லோரும் எங்கள் பியர்ஸ் இத்தனை, ரே ஆலன் இத்தனை என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆளுக்கு ஒரே குறை, முகம். விசில் ஊதிவிட்டால் போதும், நடுவரைப் பார்த்து முறைத்தே டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை வாங்கிவிடுவார். சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் இந்த பிளேஆஃப் சுற்றுகளில் இதுவரை ஆறு. ஏழாவது வந்தால் ஒரு ஆட்டம் வெளியே. ஆர்லாண்டோவில் ஐந்தாவது ஆட்டத்தில் இரண்டு வாங்கி வெளியேறினார். அதில் ஒன்றை லீக் பிறகு ரத்து செய்ததால் பிழைத்தார். உங்கள் கோச் ஃபில் ஜாக்சன் இதைப் பயன்படுத்தாமல் விடுவாரா? பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது நைசாக ஒரு வார்த்தை போட்டுவைப்பார், பார். ரோண்டோ, ரே ஆலன், பியர்ஸ், கார்னெட், பெர்கின்ஸ் என்ற இந்த ஐவரணி முழுசாக இறங்கிய பிளேஆஃப் தொடர் எதிலும் இதுவரை தோற்றதில்லை. அதில் ஒருவர் குறைந்தால் இந்த டீம் வேறு டீம். போன வருஷம் கார்னெட் இல்லாமல் என்ன ஆனது என்று பார்த்தோமே.

ரோண்டோவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கிளீவ்லாண்டோடு நான்காவது ஆட்டத்தில் 29 பாயின்ட், 18 ரீபவுண்ட், 13 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்). ஆறடிக்குச் சற்றே மேல் உயரம் உள்ள பையன் 18 ரீபவுண்ட் எடுத்ததிலிருந்தே எங்கள் உயரக்காரர்களின் லட்சணம் தெரிகிறது. டெரெக் ஃபிஷரால் அவரைப் பிடிக்க முடியாது. அதனால் 2008 மாதிரியே கோபியை அவர் எதிரில் நிறுத்துவார்கள் என்று நினைக்கிறேன். தூர எறிதல் வராது என்பதால் நாலடி தள்ளி நின்று, எறிந்துகொள் என்று விட்டுவிடலாம், கோபிக்கும் ஓய்வு. ஆனால் அந்தப் பழைய ரோண்டோ இல்லை இவர். விடும் இடைவெளியில் வேகம் எடுத்து வந்தால் பைனத்தின் முட்டி பதில் சொல்லாது. ஆர்டெஸ்டுக்கும் பியர்ஸுக்கும் நடக்கப்போவது மல்யுத்தம். அதில் எனக்கு அபிப்பிராயம் ஒன்றும் இல்லை.

பியர்ஸ் வளர்ந்தது இங்கிள்வுட்டில்தான், தெரியுமா? லேக்கர்ஸின் பழைய ஃபோரம் அரங்கம் இருந்த அதே ஊர். சின்ன வயதில் செல்டிக்ஸ் என்றாலே ஆகாதாம். உங்கள் ஊர்ப் பிள்ளையை வைத்தே உங்களை அடிப்பதில் ஒரு தனி ருசி.

போன வெள்ளிக்கிழமை ஆர்லாண்டோவோடு ஆறாவது ஆட்டத்துக்கு எங்கள் அரங்கமான டிடி கார்டனுக்கே போயிருந்தேன். 3-0 என்று முன்னால் நின்ற தொடர், இரண்டைக் கோட்டைவிட்டு 3-2 ஆகியிருந்தது. ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்தது. நேட் ராபின்சன் என்ற அந்தக் குட்டைப் பையன் பெஞ்சிலிருந்து வந்து இரண்டாவது கால்பகுதியிலேயே ஆட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டான். 96-84. ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருக்கும்போதே "பீட் எல்.ஏ., பீட் எல்.ஏ." (லாஸ் ஏஞ்சலஸை அடி) என்று ஆரம்பித்துவிட்டார்கள். உங்களுக்கும் ஃபீனிக்ஸுக்கும் அப்போது இன்னும் முடிவே ஆகவில்லை! எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு தாத்தா, கோஷத்தில் சேராமல் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்தக் கோஷம் பிறந்ததே ஒரு தோல்வியில்தான். 1982-ல் பிலடெல்ஃபியா பாஸ்டனுக்கே வந்து ஏழாவது ஆட்டத்தில் செல்டிக்ஸை அடித்தபோது, தோற்ற ஊர்க்காரர்கள் ஜெயித்தவர்களைப் பார்த்து "போய் எல்.ஏ.வையாவது அடியுங்கள்" என்று கத்தியது. அந்த வருஷமும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

ஃபைனலில் இரண்டு டீமும் மோதுவது இது 12-ஆவது தடவை. 11-ல் ஒன்பது எங்களுக்கு. 1985-ம் 1987-ம் மட்டும்தான் உங்களுக்கு. இதைச் சொன்னால் நீ கோபப்படுவாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 1969. ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில். ஜெயித்தால் பறக்கவிடுவதற்கு என்று லேக்கர்ஸ் முதலாளி ஆயிரக்கணக்கில் பலூனை ஊதி ஃபோரத்தின் கூரையில் வலை கட்டி வைத்திருந்தார். ஆட்டம் 108-106 என்று பாஸ்டன் பக்கம் போனது, பலூன் அங்கேயே தொங்கியது. 42 பாயின்ட் போட்டும் ஜெர்ரி வெஸ்ட் தோற்றார். ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர் பரிசை அவருக்கே கொடுத்தார்கள், தோற்ற டீமிலிருந்து அந்தப் பரிசு வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அந்த மனிதருக்காக மட்டும் உங்கள் பக்கம் எனக்கு ஒரு பரிதாபம் உண்டு.

அட்டவணையைப் பார்த்தாயா? முதல் இரண்டு உங்கள் ஊரில், அப்புறம் மூன்று இங்கே, கடைசி இரண்டு மறுபடி அங்கே. சொந்த ஊரில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் என்றால் லாபம் என்று தோன்றும். ஆனால் 1985-ல் இந்த முறை வந்ததிலிருந்து அந்த மூன்றையும் ஜெயித்தவை 2004-ல் டெட்ராய்ட், 2006-ல் மயாமி, இரண்டே டீம்தான். ஆகவே லாஸ் ஏஞ்சலஸில் முதல் இரண்டில் ஒன்றை நாங்கள் எடுத்தே ஆகவேண்டும். அதுவும் முதலாவது என்றால் உத்தமம். ஃபில் ஜாக்சன் டீம்கள் ஒரு தொடரின் முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டால் அந்தத் தொடரைத் தோற்றதே இல்லை. 47-க்கு 47. வேடிக்கை என்னவென்றால் இந்த சீசனில் எங்கள் டீம் சொந்த ஊரில் 24-17, வெளியூரில் 26-15. வெளியூரில்தான் சிங்கம். முதல் 28 ஆட்டத்தில் 23 ஜெயித்து, பிறகு 27-27 என்று பாதிக்குப் பாதி தூங்கி வழிந்த டீமைப் பற்றி வேறு என்ன சொல்வது! உங்களோடு ஆடிய இரண்டும் ஒரே ஒரு பாயின்டில் முடிந்தவை. ஜனவரியில் இங்கே வந்து கோபி கடைசியில் ரே ஆலன் தலைக்கு மேல் எறிந்து 90-89. பிப்ரவரியில் கோபி ஆடாத அன்று அங்கே நாங்கள் 87-86.

என் கணிப்பு: ஆறு ஆட்டத்தில் பாஸ்டன். ஆனால் ஒரு நிபந்தனை, பெர்கின்ஸ் ஆறு ஆட்டமும் ஆடவேண்டும். ஏழாவது வரை போனால் உங்கள் கை ஓங்கும். வயசான கால்கள், உங்கள் அரங்கம், இரண்டு பக்கமும் பதற்றத்தில் ஷாட் எல்லாம் தவறும். தவறிய பந்து யார் கைக்குப் போகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இங்கே ஆட்டம் ஆரம்பிப்பதே இரவு ஒன்பது மணிக்கு, முடிய நள்ளிரவு ஆகிவிடும். உனக்கென்ன, ஆறு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடலாம். பாதியில் போன் பண்ணாதே. நீங்கள் முன்னால் இருந்தால் நான் எடுக்கமாட்டேன், நாங்கள் முன்னால் இருந்தால் கண் பட்டுவிடும்.

அப்புறம், ஒரு முக்கியமான சேதி. ஆபீஸ் வேலையாக 16-ஆம் தேதி அந்தப் பக்கம் வரவேண்டியிருக்கும் போல் இருக்கிறது. ஏழாவது ஆட்டம் இருந்தால் அது 17-ஆம் தேதி, வியாழன். ராத்திரி உன் வீட்டில்தான் தங்கல். வீட்டில் அத்தனை பேரும் மஞ்சள் சட்டை போட்டிருப்பீர்கள், நான் ஒருவன் பச்சையில். அம்மாவை மட்டும் என் பக்கம் உட்காரச் சொல். ஆட்டம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஆள் துணை.

அன்புடன்,
கதிர்