படத்தில் இருப்பவருக்குப் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 24 நினைவு நாளுக்கு நீங்கள் போட்ட எம்.ஜி.ஆர். பக்கத்தைப் பார்த்தேன். ராமாவரம் தோட்டத்தில் எடுத்த படத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள். நாலு ஆண்களுக்கும் இடமிருந்து வலமாகப் பெயர், பதவி எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். ஐந்தாவதாக நிற்பவருக்கு மட்டும் 'மனைவி', அவ்வளவுதான்.

வி.என். ஜானகி இந்த மாநிலத்தின் முதல் பெண் முதலமைச்சர் என்பது உங்களுக்குத் தெரியாததா? 1988 ஜனவரி 7 முதல் 30 வரை. நாள் குறைவுதான், அதற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஓர் ஆணை வெறுமனே 'கணவர்' என்று அச்சடிப்பீர்களா? அதற்கும் நாற்பது வருடம் முன்னால், 1948இல், 'ராஜமுக்தி'யில் தியாகராஜ பாகவதருக்கு ஜோடியாக நடித்தவர் அவர். அப்போது எம்.ஜி.ஆர். பெரிய நட்சத்திரமே இல்லை. லாயிட்ஸ் சாலையில் அ.தி.மு.க. தலைமை அலுவலகம் இருக்கிறதே, அந்தக் கட்டிடமும் அவர் கொடுத்ததுதான்.

எங்கள் ஊர் ஆண்டிபட்டி. 1989 தேர்தலில் அந்தம்மா இரட்டைப் புறா சின்னத்தில் இங்கேதான் நின்றார். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம், மாமியாரோடு கூட்டத்தில் நின்று கேட்டேன். தோற்றுவிட்டார், சரி. அப்புறம் கட்சியில் பிரிந்திருந்த ஜானகி அணி, ஜெயலலிதா அணி இரண்டும் ஒன்றாகி இரட்டை இலை திரும்பக் கிடைப்பதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஓர் ஆண் அப்படி விட்டுக்கொடுத்திருந்தால் அதைத் தியாகம், ராஜதந்திரம் என்று எழுதியிருப்பீர்கள், இவர் செய்ததால் 'அரசியல் தெரியாத குடும்பப் பெண்' என்று ஆகிவிட்டது.

அதே டிசம்பர் 24 பெரியாரின் நினைவு நாளும்தான், அந்தப் பக்கத்தையும் படித்தேன். மணியம்மையைப் பற்றி வந்த ஒரே பத்தியில் 1949 திருமணமும் வயது வித்தியாசமும்தான் இருந்தன. பெரியார் 1973இல் போன பிறகு இயக்கத்தைக் கையில் எடுத்து, அடுத்த வருடமே ராமர் உருவத்தை எரிக்கும் ராவண லீலா நடத்தி, வழக்கைச் சந்தித்து, 1978இல் சாகும்வரை தலைவராக இருந்த பெண்ணுக்கு எழுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கல்யாணப் பேச்சு மட்டும்தானா ஐயா? பெரியாரின் முதல் துணைவியார் நாகம்மையார் 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தவர். அவரையும் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட அம்மாவாகத்தான் உங்கள் இதழில் படித்திருக்கிறேன்.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் என்று நீங்கள் நினைக்கலாம். என் வீட்டுக்காரர் ஒரு முறை பேரூராட்சி உறுப்பினராக இருந்தார். தண்ணீர் கேட்டு நடந்த சாலை மறியலில் கைதாகிப் பதினைந்து நாள் மதுரை சிறையில் இருந்தார். அந்தப் பதினைந்து நாளும் வார்டு ஜனங்கள் என்னிடம்தான் வந்தார்கள். நாற்பத்து மூன்று மனு எழுதினேன், பையனின் பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொன்றையும் தேதி போட்டுக் குறித்து வைத்தேன், இரண்டு தடவை பஸ் ஏறித் தேனி கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். அவர் வெளியே வந்த அன்று ஒரு நிருபர் தம்பி வந்தார். நோட்டை எடுத்துக் காட்டினேன், அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, ஆரத்தித் தட்டோடு வாசலில் நில்லுங்க" என்றார், நின்றேன். அண்ணனுக்கு இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டார், சொன்னேன். மறுநாள் படத்துக்குக் கீழே 'கண்ணீருடன் வரவேற்கும் மனைவி' என்று வந்தது. நான் அழவில்லை ஐயா, கற்பூரப் புகை கண்ணில் பட்டிருந்தது. என் பெயரும் அதில் இல்லை. அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முப்பது வருடமாக உங்கள் இதழ் வாங்குகிறோம், இனியும் வாங்குவோம். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அதே படத்தை, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, திரும்பப் போட்டு, வலது ஓரத்தில் நிற்பவர் முன்னாள் முதலமைச்சர் வி.என். ஜானகி என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, ஆண்டிபட்டி