மூன்றாம் எண் வீட்டு நீல சைக்கிள்

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். போனில் கேட்டால் "நன்றாக இருக்கிறேன் அப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நான்கு ஞாயிற்றுக்கிழமையாக அதுவும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

இங்கே எல்லோரும் நலம். நல்லூர் சின்னம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று திருப்பூர் ரயில் நிலையம் பக்கம் போனேன். தன்பாத் வண்டி வந்து நின்றதும் முதுகில் பையோடு இறங்கிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். மீசைகூட முளைக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் போன நாளில் பனியன் கம்பெனிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்றால் தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். நம் தெரு மளிகைக் கடையில் கடுகெண்ணெய் முன்வரிசைக்கு வந்துவிட்டது. நாம் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டில் ஐந்தாம் எண்ணில் ஓர் ஒடிசாக் குடும்பம். அவன் பவர் டேபிளில் தைக்கிறான், அவள் தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங். அவர்கள் மகள் வாசல்படியில் உட்கார்ந்து திருக்குறள் ஒப்பிக்கிறாள், உன்னைவிடச் சுத்தமாக.

இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சனிக்கிழமைச் சம்பளத்தில் வாடகை, ஊருக்குப் பணம் எல்லாம் போய் கையில் கொஞ்சம் நிற்கும். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்கு மீதான வரியை 50 சதவீதம் ஆக்கியதும் அந்த அரை ஷிப்ட் போயிற்று. அந்தப் பெண் வந்து, "அண்ணா, வாடகை பத்தாம் தேதி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சரி என்றேன்.

நீயும் அப்படித்தான் செய்ய வேண்டும். தாமதமாகும் என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. தணிந்து பேசு. செங்கப்பள்ளி அத்தை மகன் சொன்னான், கனடாவில் அந்த பிராம்ப்டனில் பேஸ்மென்ட் அறைக்கு மாறிவிட்டாயாம், ஆறு பேராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. சாயமும் பஞ்சும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்துப் போனாய். நம் வகையறாவில் முதன்முதலாக விமானம் ஏறியவன் நீ என்று நானும் ஊரெல்லாம் சொன்னேன். அதற்காக எங்களிடம் மறைக்க வேண்டுமா? குளிருக்கு நல்ல உடுப்பு வாங்கிக்கொள். வாடகையை முதலில் கொடுத்துவிடு.

வாடகை என்று எழுதுகிறபோதெல்லாம் கை நிற்கிறது. உனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். 2020 ஊரடங்கின்போது மூன்றாம் எண்ணில் பீகார்ப் பையன்கள் ஐந்து பேர் இருந்தார்கள். கம்பெனி மூடிவிட்டது, கூலி இல்லை. ஒரு மாதத்துக்கு இவர்களிடம் வாடகை கேட்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டிருந்தது. தெரிந்தேதான் போய் நின்றேன். உள்ளே அடுப்பில் வெறும் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவர்களில் மூத்தவன் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து தன் சைக்கிள் சாவியை என் கையில் வைத்தான். வாங்கிக்கொண்டேன். மே மாதம் சிறப்பு ரயில் விட்டதும் போய்விட்டார்கள்.

நீ கல்லூரிக்கு ஓட்டிப் போன நீல சைக்கிள் அதுதான். காதர்பேட்டையில் பழசாக வாங்கியது என்று உன்னிடம் சொன்னேன். செயின் கவரில் இந்தியில் அவன் பெயர் எழுதியிருந்தது. நீ எழுந்திருக்கும் முன் உப்புத்தாள் போட்டு நானே தேய்த்து எடுத்தேன். அந்த இடம் மட்டும் இன்னும் வெளுத்துத் தெரிகிறது. அவன் ஊர் எது என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை. நேற்று ரயிலில் இறங்கியவர்களில் அவன் முகத்தைத் தேடினேன். உன் முகந்தான் தெரிந்தது.

உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். மூன்று மாத வாடகைக்கு வரும் என்று நினைக்கிறேன். போதாவிட்டால் சொல். அம்மாவுக்கு இது தெரியாது. உன் வீட்டுக்காரர் கதவைத் தட்டும் முன் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், சாமி.

அப்பா