தேடுபொறித் தொழிலில் நம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு பேருந்து நிலையத்தை அண்டிய மதில்களிலும் கல்முனைக் கடைத்தெருவின் மின்கம்பங்களிலும் அண்மைக் காலமாக ஒரே வகையான விளம்பரங்களைக் காண்கிறேன். மூன்றே மாதத்தில் எஸ்.இ.ஓ., அதாவது கூகுள் போன்ற தேடுபொறிகளில் ஓர் இணையத்தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் தொழில், கற்று, வீட்டிலிருந்தபடியே டொலரில் உழைக்கலாம் என்று அவை சொல்கின்றன. மறுபுறத்தில், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இந்தத் தொழிலே முடிந்துவிட்டதாமே என்று பெற்றோர் பலர் கவலையோடு என்னிடம் விசாரிக்கிறார்கள். 2010 முதல் கல்லடியில் இருந்தபடி இத்தொழிலால் குடும்பம் நடத்தி வருபவன் என்ற முறையில், இரண்டு பேச்சும் பிழையானவை என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

தேடுபொறி ஒரு பக்கத்தை நமக்குக் காட்டுவதற்கு முன்பு, இணைப்புகளைப் பின்தொடர்ந்து சென்று அந்தப் பக்கத்தைக் கண்டெடுக்கிறது, அதில் உள்ளதை வாசித்துத் தன் அட்டவணையில் சேர்க்கிறது, பிறகு ஒருவர் கேள்வி கேட்கும்போது சேர்த்து வைத்தவற்றுள் பொருத்தமானதைத் தெரிந்து வரிசைப்படுத்துகிறது. இந்த வழியில் ஓர் இணையத்தளத்துக்கு உள்ள தடைகளை நீக்கி, தேடுபவருக்கு வேண்டிய விடயம் அங்கே தெளிவாக இருக்கும்படி செய்வதுதான் எங்கள் வேலை. சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த வேலையை நானே தொடக்கத்தில் பிழையாகத்தான் செய்தேன்.

ஒரு பக்கத்துக்குப் பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பை அதற்குக் கிடைத்த வாக்கைப் போல எண்ணுவது, 1998 இல் லாரி பேஜும் சேர்ஜி பிரினும் கூகுளைத் தொடங்கிய காலத்திலேயே அதன் அடிப்படையாக இருந்தது. வாக்குக்கு மதிப்பு இருந்தால் அதை விலைக்கு வாங்கும் சந்தையும் உருவாகும் அல்லவா? வெளிநாட்டில் தளபாடக் கடை வைத்திருந்த ஒருவருக்காக நானும் அந்தச் சந்தையில் இறங்கி, யாரும் வாசிக்காத நூற்றுக்கணக்கான தளங்களில் ஒரே சொற்றொடரை இணைப்பாகப் பதித்தேன். சில மாதங்கள் அவருடைய கடை முதற்பக்கத்தில் நின்றது. 2012 ஏப்ரல் 24 ஆம் திகதி கூகுள், இத்தகைய செயற்கை இணைப்புகளைப் பிடிக்கும் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அந்த வாரமே கடை ஐந்தாம் பக்கத்துக்கும் கீழே போய்விட்டது. அவ்வகை இணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நாமே கூகுளிடம் அறிவிக்கும் வசதி அவ்வாண்டு ஒக்டோபரில்தான் வந்தது. அதைச் செய்த பின்னரும், பென்குவின் அந்நாட்களில் இடைவெளி விட்டே மறுகணக்கு எடுத்ததால், அடுத்த கணக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கடையில் வேலை செய்த இருவர் அந்த இடைவெளியில் வேலை இழந்தார்கள். என் குறுக்குவழியின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள் என்ற நினைவு இன்றும் எனக்குள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுதான்.

சென்ற ஆண்டு செங்கலடியைச் சேர்ந்த மாணவி ஒருவர், தான் படித்த தனியார் நிலையமொன்றின் பாடக்கையேட்டை என்னிடம் கொண்டுவந்தார். தாயாரின் நகையை ஈடு வைத்துக் கட்டணம் கட்டியிருந்தார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் குறிச்சொற்களை, அதாவது மக்கள் தேடும் சொற்களை, மறைவாகப் பட்டியலிடும் முறைக்கு அதில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. தரவரிசைக்கு அந்தப் பட்டியலைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 இலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. நூறு சொல்லுக்கு இத்தனை தடவை குறிச்சொல் வரவேண்டும் என்ற கணக்கு இன்னோர் அத்தியாயத்தில் இருந்தது. இறுதி அத்தியாயம், நான் முன்பு செய்த அதே இணைப்பு வேலையைப் படிப்படியாக விளக்கியது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு பக்கத்திலும் கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, மிகுந்த அக்கறையோடு படித்திருந்தார். அந்த உழைப்பு இப்படி வீணாவதைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இந்தத் தொழில் மாறிக்கொண்டே இருப்பது உண்மை. 2011 இல் பாண்டா என்ற மாற்றம் உள்ளீடற்ற பக்கங்களைத் தள்ளிவைத்தது. 2015 ஏப்ரலில் கைத்தொலைபேசியில் ஒழுங்காகத் தெரியாத பக்கங்கள் கைத்தொலைபேசித் தேடலில் பின்தள்ளப்பட்டன. 2019 ஒக்டோபரில் ஆங்கிலத்துக்கு வந்த பேர்ட் என்ற மொழிப் புரிதல் முறை, அவ்வாண்டு டிசெம்பரில் தமிழ் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. 2022 டிசெம்பரில் பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவோருக்கான வழிகாட்டியில், எழுதியவருக்கு அவ்விடயத்தில் நேரடி அனுபவம் உண்டா என்ற கேள்வியைக் கூகுள் புதிதாகச் சேர்த்தது. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அடிபட்டவை பெரும்பாலும் தேடுபவரை ஏய்க்கும் அல்லது அவருக்கு உதவாத வழிகள் என்பதும், பொருளை அறிந்து எழுதியவர்களுக்கு இழப்பு ஒப்பீட்டளவில் குறைவு என்பதும் விளங்கும்.

பொருளை அறிதல் என்றால் என்ன என்பதை நம்மூர் உதாரணங்களால் சொல்கிறேன், ஏனெனில் எனக்குத் தொழில் கற்றுத்தந்தவை அவைதாம்.

மருதமுனையில் கைத்தறி நெசவு செய்யும் குடும்பமொன்றின் இணையத்தளம் ஆண்டுக்கணக்காக எந்தத் தமிழ்த் தேடலிலும் வரவில்லை. பார்த்தால், தமிழ் முழுவதும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. திரையில் அழகான தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற கோவையாகவே இருக்கிறது. தேடுபொறி வாசிப்பதும் அதைத்தான். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி வேரூன்றிய நம் நாட்டில் இந்தக் குறை இன்னும் எத்தனையோ தளங்களில் உண்டு. எல்லாவற்றையும், கணினிகள் தமிழைத் தமிழாகவே வாசிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி, படமாக இருந்த விலைப்பட்டியலை எழுத்தாகத் தட்டச்சு செய்தோம். சாரம், சேலை, படுக்கை விரிப்பு ஒவ்வொன்றுக்கும் நூலின் தன்மை, அளவு, சாயம் போகாமல் துவைக்கும் முறை ஆகியவற்றை நெசவாளரே சொல்லச் சொல்ல எழுதினோம். கொழும்பிலிருந்து முதல் தொலைபேசி அழைப்பு வந்த நாளில் அவர் என்னை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு தளபாடக் கடைக்காரருக்கு வேறு வகைச் சிக்கல். அவருடைய தளத்தை அமைத்தவர் தமிழகத்துத் தளங்களைப் பார்த்து, நாற்காலி என்றே எங்கும் எழுதியிருந்தார். நம் மக்கள் தேடுவது கதிரை. சோப்பைச் சவர்க்காரம் என்றும், மருத்துவமனையை வைத்தியசாலை என்றும், வேர்க்கடலையைக் கச்சான் என்றும் சொல்லும் நம்மைப் பற்றிக் குறிச்சொல் ஆய்வுக் கருவிகளுக்கு அதிகம் தெரியாது. ஈழத்துச் சொல்லை இட்டால் அவை பெரும்பாலும் பூச்சியத்தையே காட்டும். தேடுவோர் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கருவியிடம் தரவு இல்லை என்பதே பொருள். அதனால் நான் கடையின் முன்மேசையில் இரண்டு நாட்கள் உட்கார்ந்து, வாடிக்கையாளர் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டவற்றை அவர்களுடைய சொற்களிலேயே குறித்துக்கொண்டேன். தேக்கா முதிரையா, படுவான்கரைக்குக் கொண்டுவந்து இறக்கித் தருவீர்களா, தவணை முறை உண்டா என்பவைதான் கேள்விகள். அவற்றுக்கான விடைகளே பின்னர் அந்தத் தளத்தின் பக்கங்களாயின.

வேகமும் இப்படித்தான். முதன்மையான உள்ளடக்கம் இரண்டரை வினாடிக்குள் திரையில் வரவேண்டும் என்பதும், தொட்டதற்கு 200 மில்லி வினாடிக்குள் பதில் கிடைக்க வேண்டும் என்பதும் கூகுள் தரும் அளவுகள். கொழும்பு அலுவலகத்து அகலக்கற்றையில் சோதித்துவிட்டுச் சரி என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய், அலை மெலிந்த ஓரிடத்தில் நின்று, பழைய கைத்தொலைபேசி ஒன்றில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

சுற்றுலாக் கடற்கரைகளான பாசிக்குடாவும் பொத்துவில் அறுகம்குடாவும் இத்தொழிலுக்கு இன்னும் வளமான விளைநிலங்கள். பாசிக்குடா என்ற பெயரை வெளிநாட்டார் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டுகிறார்கள். சிங்களத்தில் தேடுவோரும் உண்டு. கனடாவிலும் இலண்டனிலும் பிறந்த நம் பிள்ளைகள் தாய் சொன்ன ஊர்ப்பெயரை ஒலிப்படி தட்டச்சு செய்கிறார்கள். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக் காலம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரை நிற்கும். அங்குள்ள அலைச்சறுக்கு இடங்களில் மெயின் பொயின்ட் தேர்ந்தவர்களுக்கு உரியது, பேபி பொயின்ட் புதியவர்களுக்கு ஏற்றது என்ற அளவுக்கு எந்தத் தளமும் சொல்லும். எந்த மாதத்தில் எந்த நேரத்தில் காற்று எழும், இரவுப் பேருந்தில் பொத்துவிலில் விடியுமுன் இறங்குபவர் எங்கே தேநீர் குடித்துக் காத்திருக்கலாம் என்பவை அங்கே வாழ்பவருக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவு நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதை எழுத்தாக்கும் பயிற்சிதான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இனிச் செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். 2022 நவம்பர் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்தது. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் தன் தேடல் முடிவுகளின் மேலேயே இயந்திரம் எழுதிய சுருக்க விடையைக் காட்டத் தொடங்கி, அவ்வாண்டு ஒக்டோபரில் அதை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரித்தது. இதனால் எனக்கும் இழப்பு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பொது அறிவுக் கேள்விகளுக்கு விடை சொல்லி வாழ்ந்த பக்கங்களுக்கு வருகை குறைந்திருக்கிறது, விடையைப் படித்தவர் தளத்துக்குள் நுழையாமலே போய்விடுகிறார். அத்தகைய பக்கங்களை மட்டுமே எழுதிப் பிழைத்த நண்பர்கள் சிலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் மேலே சொன்ன களுவாஞ்சிக்குடித் தளபாடக் கடைக்கு அழைப்புகள் குறையவில்லை. மரக்கதிரை வாங்க வருபவருக்குச் சுருக்கம் போதாது. கடை எங்கே, விலை என்ன, யாரை நம்பலாம் என்பது அவருக்கு வேண்டும். அந்தச் சுருக்க விடைகளும் ஏதோ ஒரு பக்கத்தைச் சான்றாகக் காட்டித்தான் எழுதப்படுகின்றன. வேறெங்கும் கிடைக்காத தகவலை வைத்திருக்கும் பக்கத்துக்கு அங்கேயும் இடம் உண்டு.

இங்கே இளைஞர்களை ஒரு விடயத்தில் எச்சரிக்க வேண்டும். இயந்திரத்தைக் கொண்டு ஒரே இரவில் முந்நூறு பக்கம் எழுதி ஏற்றலாம் என்று சிலர் கற்பிக்கிறார்கள். இயந்திரத்தின் உதவியோடு எழுதுவதைக் கூகுள் தடை செய்யவில்லை. ஆயினும் தரவரிசைக்காக மட்டுமே பயனற்ற பக்கங்களைக் கும்பல் கும்பலாக உருவாக்குவதை, அவற்றை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், 2024 மார்ச் மாதத்தில் அது முறைகேடாக அறிவித்தது. அந்த மார்ச் மாதத்து அறிவிப்பைப் படிக்கும்போது எனக்கு 2012 ஏப்ரல்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே நம் மாவட்டங்களின் தொழிற்பயிற்சி நிலையங்களிடம் எனது வேண்டுகோள் இது. யூனிகோடுத் தட்டச்சையும், பிழையற்ற தமிழில் ஒரு பொருளை விளக்கி எழுதுவதையும், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாடிக்கையாளரோடு பேசுமளவுக்கு மொழிப்பயிற்சியையும் முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். கூகுள் இலவசமாகத் தரும் சேர்ச் கன்சோலில், எந்தச் சொல்லுக்குப் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று வாரந்தோறும் மாணவரே வாசித்துக் காரணம் சொல்லப் பழக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் ஊரிலுள்ள ஓர் உண்மையான கடையை எடுத்து, வரைபடத்தில் அதன் இடத்தைச் சரியாகக் குறித்து, திறக்கும் நேரங்களைப் பதியட்டும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடை பூட்டியிருப்பதைக்கூடப் பதியாத விவரம், தொலைவிலிருந்து வந்தவரை அலையவிடும். வருகைகளை எண்ணிப் பெருமைப்படுவதை விட்டு, வந்த விசாரணைகளையும் நடந்த விற்பனையையும் எண்ணும் பழக்கமும் அப்போதே வரவேண்டும்.

வணிகர்களுக்கும் ஒரு சொல். முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று யாராவது வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அத்தகைய உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். கிழக்கின் கோயில் திருவிழாக்கள், வெள்ள காலத்து வீதி நிலவரம், வேளாண்மை அறுவடை, வாவி மீன்பிடி பற்றிய பிரதேசச் செய்திகள் தங்கள் பத்திரிகையில் நாள்தோறும் வருகின்றன. ஆனால் இணையத்தில் அப்பக்கங்கள் முழுப்பக்கப் படங்களாகவே ஏற்றப்படுவதால் எந்தத் தேடலிலும் அவை அகப்படுவதில்லை. பிரதேசப் பக்கங்களையாவது யூனிகோடு எழுத்தாக, ஒவ்வொரு செய்திக்கும் தனி முகவரியோடு வெளியிட முடியுமானால், அதற்கான தொடக்க வேலையைக் கட்டணமின்றிச் செய்து தருவதற்கு நானும் என்னோடு பயிலும் நான்கு இளைஞர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். செங்கலடியிலிருந்து வந்த அந்த மாணவியும் அவர்களுள் ஒருவர்.

இங்ஙனம்,
தேடுபொறித் தொழில் செய்யும் வாசகன்,
கல்லடி, மட்டக்களப்பு.